சமையல்காரர் செத்த பிறகு

கப்பல் சமையல்காரர் செத்துப்போன சனிக்கிழமை ராத்திரி, கண்ணாடிக்காரர் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். தொலைக்காட்சித் தொடரில் செத்தவர், படப்பிடிப்பு முடிந்ததும் எழுந்து, முகத்துப் பூச்சைக் கழுவிவிட்டு, தன் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டிருப்பார். இது கண்ணாடிக்காரருக்கும் தெரியும். தெரிந்தும் பசி வரவில்லை, அதற்கு அவர் என்ன செய்ய முடியும்?

கண்ணாடிக்காரர் என்றதும் கடை முதலாளி என்று நினைத்துவிட வேண்டாம். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்சின் ஓரத்தை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்து, பொருத்தி, பொடித் திருகாணியை முடுக்கிக் கொடுப்பவர். முன்னறையில் நின்றுகொண்டு, இந்த ஃப்ரேம் உங்கள் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்று கூசாமல் அளந்து விடுவதெல்லாம் வேறு ஆட்களின் வேலை. இவருக்குப் பொய் வராது. வராத அந்த வேலையை வாரா வாரம் சொந்த வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து செய்ய வேண்டி வந்ததுதான் இந்தக் கதை.

தொடர் ஒரு சரக்குக் கப்பலைப் பற்றியது. எங்கோ எடுத்ததைத் தமிழில் குரல் கொடுத்து ஓட்டினார்கள். வாரத்துக்கு ஒரு பகுதி, சனிக்கிழமை சாயங்காலம். மேடைப் பேச்சு பேசாமல் தும்மக்கூடத் தெரியாத ஒரு கேப்டன் உண்டு. கேப்டனைக் கவிழ்க்கப் பார்க்கும் துணைக் கேப்டன் உண்டு. ஒவ்வொரு துறைமுகத்திலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கையசைக்க ஒரு பெண் உண்டு. இவர்களில் ஒருவரையும் கண்ணாடிக்காரர் பொருட்டாக மதித்ததில்லை. சமையல்காரர் ஒருவருக்காகத்தான் அவர் அந்தக் கப்பலில் ஏறினார்.

சமையல்காரர் தடித்த கழுத்தும் கறை படிந்த ஏப்ரனுமாக இருப்பார். ஒரு பகுதி முழுக்க இரண்டு வார்த்தை பேசினால் அதிகம். மேல்தளத்தில் கேப்டன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போது இவர் கீழே உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருப்பார். ஒரு தடவை கடற்கொள்ளையர் துப்பாக்கியும் கையுமாக ஏறிவிட்டார்கள். கப்பலே நடுங்கியது. இவர் சமையலறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "கூட எத்தன பேருக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான். கண்ணாடிக்காரர் அதற்கு ஒரு வாரம் சிரித்தார். கடையில் லென்ஸ் கட்டு வந்து இறங்கினால், "கூட எத்தன பேருக்கு?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொள்வார். முன்னறைக்காரர்களுக்கு ஒன்றும் புரியாது.

அப்படிப்பட்ட மனிதரை எப்படிச் சாகடித்தார்கள் தெரியுமா? புயலில் இல்லை, சண்டையில் இல்லை. துறைமுகத்தில் காய்கறி வாங்கப் போனவர் பலகையிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டாராம். அதையும் காட்டவில்லை. துணைக் கேப்டன் உள்ளே வந்து, "நம்ம சமையல்காரர் போயிட்டார்" என்றார், அடுத்த மூச்சில் நங்கூரத்தைப் பற்றிப் பேசினார். மறுவாரமே புதுச் சமையல்காரன் வந்தான். வாட்டசாட்டமான வாலிபன், பல்லெல்லாம் வெள்ளை. வாயை மூடவே மாட்டான். பழையவரின் வாணலியைத் தேய்த்துப் பளபளவென்று மாட்டி வைத்து, அதற்கு ஒரு பாட்டு வேறு பாடினான். அந்த வாணலியைப் பார்த்த கணத்தில் கண்ணாடிக்காரர் தொடரைத் தலைமுழுகிவிட்டார்.

மனதுக்குள் மட்டும்தான். வெளியே சொல்ல முடியாது. ஏனென்றால் சோபாவின் மறுகோடியில் லிஃப்ட்காரர் உட்கார்ந்திருந்தார்.

லிஃப்ட்காரர் இவருடைய மாப்பிள்ளை. சரியாகச் சொன்னால், மாப்பிள்ளையாக இருந்தவர். பழுதான லிஃப்டுகளைச் சரி செய்யும் மெக்கானிக். கண்ணாடிக்காரரின் ஒரே மகளைக் கட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். கல்யாணமான புதிதில் மூன்று பேருமாகத்தான் இந்தத் தொடரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெயர் போட்டு முடிப்பதற்குள் மகள் சோபாவில் சாய்ந்து தூங்கிவிடுவாள். மாமனாரும் மாப்பிள்ளையும் அவள் தூக்கம் கலையாமல் குசுகுசுவென்று பேசிக்கொண்டு பார்ப்பார்கள். மாமியார் இருந்திருந்தால் அவரும் பார்த்திருப்பார். அவர் அதற்கு வெகு காலம் முன்பே போய்விட்டார்.

பிறகு அந்தக் கல்யாணம் முறிந்தது. அடிதடி இல்லை, கூச்சல் இல்லை. தனித்தனியே எடுத்துக்கொண்டால் இருவருமே தங்கம். சேர்த்து வைத்தால்தான் ஒருவர் பேச்சு ஒருவருக்கு எட்டவில்லை. கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள். மகள் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். அவள் ரயிலேறிய வாரத்துச் சனிக்கிழமை, கண்ணாடிக்காரர் வெறும் வீட்டில் விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தபோது அழைப்புமணி ஒரே ஒரு தடவை அடித்தது. கதவைத் திறந்தால் லிஃப்ட்காரர். நகக்கண்ணில் கிரீஸ், கையில் கருவிப் பை.

"இன்னிக்குப் புது பாகம் வந்திருக்கு மாமா," என்றார்.

"வாங்க," என்றார் கண்ணாடிக்காரர். வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை என்று கூப்பிட இனி உரிமை இல்லை. தம்பி என்றால் மனசு ஒப்பவில்லை. அன்றிலிருந்து எந்த உறவும் சொல்லாமல் "வாங்க", "உக்காருங்க", "இந்தாங்க" என்றே காலத்தை ஓட்டினார். லிஃப்ட்காரர் மட்டும் மாமா என்பதை விடவில்லை. தொடருக்குச் சந்தா கட்டியிருந்ததும் அவர்தான். தன் போனிலிருந்து டிவிக்கு ஏதோ செய்வார், கப்பல் வந்துவிடும். கண்ணாடிக்காரருக்கு அந்த வித்தையெல்லாம் பிடிபடாது.

சனிக்கிழமைகளில் கண்ணாடிக்காரர் முட்டை பொரிப்பார், ரொட்டி வாட்டுவார், டீ போடுவார். லிஃப்ட்காரர் வந்ததும் குழாய், ஜன்னல் கொக்கி என்று ஏதாவது ஒன்றைக் கேட்காமலே சரி செய்வார். பிறகு கப்பல். பிறகு கப்பலைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு. மகளைப் பற்றி இருவரும் வாயே திறக்க மாட்டார்கள். ஏழு நாளில் கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு மனிதரோடு பேசுவது அந்தச் சாயங்காலத்தில்தான். கடையில் அவர் பேசுவதெல்லாம் குனிந்துகொண்டு, லென்சைப் பார்த்துத்தான்.

இப்போது சொல்லுங்கள், "எனக்கு இந்தத் தொடர் புளிச்சுப் போச்சு" என்று அவர் எப்படிச் சொல்வார்? மாப்பிள்ளை என்ற உறவு போய்விட்டது. அந்த மனிதர் இந்த வீட்டுப் படியேற மிச்சமிருக்கும் ஒரே சாக்கு இந்தக் கப்பல்தான். அதையும் வேண்டாம் என்றால் அடுத்த சனிக்கிழமை அவர் எதைச் சொல்லிக்கொண்டு மணியடிப்பார்? ஆகவே மென்று விழுங்கினார்.

ஆனால் அந்தப் பல்லழகனைச் சகிக்கவும் முடியவில்லை. அதற்கு அவர் தொழிலிலிருந்தே ஒரு வழி கண்டுபிடித்தார். அவரிடம் இரண்டு கண்ணாடிகள் உண்டு. ஒன்று தூரத்துக்கு, இன்னொன்று கைவேலைக்கு. கைவேலைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவியைப் பார்த்தால் முகம் இருக்கும், மூக்கு இருக்காது. ஆள் நடப்பது தெரியும், எந்த ஆள் என்று தெரியாது. கடல் நீலமாகக் கரைந்து கிடக்கும், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். பெயர் போட ஆரம்பித்ததும் சத்தமில்லாமல் கண்ணாடியை மாற்றிக்கொள்வார். காதையும் தளரவிட்டுவிடுவார். முடிவு இசை வந்ததும், "நல்லாருந்துச்சு. அடுத்த வாரம் பாப்போம்" என்பார். வாரா வாரம் இதே வசனம். தொடரை எழுதினவர்களாவது நாலு வார்த்தை மாற்றிப் போட்டிருப்பார்கள்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. அப்போதுதான் மகள் போன் செய்தாள்.

"அப்பா, நல்ல விஷயம்தான். நான் திரும்பக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். ஆபீஸ்ல கூட வேல செய்யறவர். அடுத்த மாசம். கூட்டமெல்லாம் இல்ல, சும்மா பத்திருபது பேர்."

கண்ணாடிக்காரருக்கு உள்ளபடியே சந்தோஷம். தனியாக இருக்கிறாளே என்று தவித்த தகப்பன்தானே. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என்ன சாப்பாடு, என்ன துணி, அவருக்கு அப்பா அம்மா இருக்கிறார்களா என்று வரிசையாக விசாரித்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு மகள் கேட்டாள்.

"அவர் இன்னும் வர்றாராப்பா?"

"யாரு?"

"யாருன்னு தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"சனிக்கிழம வர்றார். அந்தக் கப்பல் படம் பாக்கறதுக்கு."

"அப்பா, அவர் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா இனிமே அது நல்லாருக்காது. இவங்க வீட்டு மனுஷங்க உங்களப் பாக்க வரப் போக இருப்பாங்க. அவர் அங்க உக்காந்திருந்தா என்னன்னு சொல்வீங்க? அதோட, அவர் முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லத் தெரியாத ஆளு. நீங்க தனியா இருக்கீங்கன்னு பாவப்பட்டுத்தான் வர்றார். நீங்களே விட்டுடுங்களேன். கல்யாண விஷயத்த நான் சொல்றதவிட நீங்க பக்குவமாச் சொன்னா நல்லது."

"சொல்றேம்மா," என்றார் கண்ணாடிக்காரர்.

பாவப்பட்டு வருகிறார் என்ற சொல் அவரை நன்றாகவே தைத்துவிட்டது. அப்படி அவர் யோசித்ததே இல்லை. யோசிக்க ஆரம்பித்ததும் எல்லாம் அப்படியே தெரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம், வயசுப் பையன், போக எத்தனையோ இடம் இருக்கும். இந்தக் கிழவனோடு உட்கார்ந்து முட்டையும் ரொட்டியும் சாப்பிட அவருக்கு என்ன தலையெழுத்தா? தன் ஆசைக்கு ஒரு நல்ல மனிதனைக் கட்டிப் போட்டு வைத்திருக்கிறோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. இந்தச் சனிக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

அந்தச் சனிக்கிழமை சொல்லவில்லை. அதற்கு அடுத்ததும் சொல்லவில்லை. சோபாவில் கைவேலைக் கண்ணாடியும் தானுமாக உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று உள்ளுக்குள் ஒத்திகை பார்ப்பார். "உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தால் பயந்துவிடுவார். "நம்ம பொண்ணு" என்றால், நம்ம என்பது யார் யார் என்ற கேள்வி வரும். இந்த யோசனையில் கப்பல் எங்கோ தூரத்தில் ஹார்ன் அடித்துக்கொண்டு போகும். நடுவில் ஒரு தடவை, அந்தப் பல்லழகன் இப்போதெல்லாம் அவ்வளவாக வாயடிப்பதில்லையே, பாட்டையும் காணோமே என்று தோன்றியது. ஒழிந்தது சனியன் என்று நினைத்துக்கொண்டு மறுபடி ஒத்திகைக்குப் போய்விட்டார். முடிவு இசை வரும். "நல்லாருந்துச்சு. அடுத்த வாரம் பாப்போம்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். சொன்னதும் தன்னையே நொந்துகொள்வார். மூன்று சனிக்கிழமை இப்படியே போனது.

நாலாவது வாரம் அவருக்கே தன் மேல் எரிச்சல் வந்துவிட்டது. இன்று சொல்லாவிட்டால் கல்யாண நாளன்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அன்று பின்னறையில் ஒரு லென்சை அளவுக்கு மேல் தேய்த்துப் பாழாக்கினார். இத்தனை வருஷத்தில் அவர் கைக்கு நடக்காத விஷயம். முன்னறைக்காரர் உடம்பு சரியில்லையா என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் மணி ஒரு தடவை அடித்தது. லிஃப்ட்காரர் வந்தார், கை கழுவினார், சமையலறை அலமாரிக் கதவு தொங்குவதைப் பார்த்து இரண்டு திருகு திருகி நேராக்கினார். சாப்பிட்டார்கள். போனை எடுத்து டிவிக்குக் கப்பலை அனுப்பினார். இசை ஆரம்பித்தது. கண்ணாடிக்காரர் பழக்க தோஷத்தில் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். திரை நீலமாகக் கரைந்தது. நாலைந்து உருவங்கள் நடமாடின. கொஞ்ச நேரம் போக விட்டு, "கொஞ்சம் நிறுத்துங்க," என்றார்.

லிஃப்ட்காரர் நிறுத்தினார். படம் அப்படியே நின்றது.

"அவளுக்குக் கல்யாணம். அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம்."

ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தையும் வரவில்லை. நேராகப் போட்டு உடைத்துவிட்டார். சொல்லிவிட்டு, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் மாமா," என்றார் லிஃப்ட்காரர்.

"யார் சொன்னா? அவளா?"

"இல்ல. லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட ஒரு பொண்ணு." லிஃப்ட்காரர் லேசாகச் சிரித்தார். "ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னு போச்சு. உள்ள ஒத்த ஆளு, பயந்து மூச்சு வாங்குது. அந்த மாதிரி நேரத்துல நாங்க வெளிய நின்னு பேச்சுக் குடுத்துட்டே இருப்போம். ஏதாவது நல்ல விஷயமாக் கேப்போம். நானும், லீவுக்கு எங்கயாவது போறீங்களாம்மான்னு கேட்டேன். ஃப்ரெண்டோட கல்யாணத்துக்குப் போறேன், அவளுக்கு ரெண்டாவது கல்யாணம், மொதல்ல இங்கதான் இருந்தா, அப்பா கூட இங்கதான் கண்ணாடிக் கடையில இருக்கார், அப்படின்னு பயத்துல மொத்தத்தையும் சொல்லிடுச்சு. கதவுக்கு இந்தப் பக்கம் யாருன்னு அதுக்குத் தெரியாது."

"ஐயோ," என்றார் கண்ணாடிக்காரர். "நீங்க என்ன சொன்னீங்க?"

"மொதல் புருஷன் எப்படின்னு கேட்டேன்."

"என்ன சொல்லிச்சு?"

"நல்ல மனுஷன்தானாம், வாயத் திறக்க மாட்டாராம். அதுக்கு மேல கேக்கல. கதவத் திறந்து விட்டுட்டேன்." சிரிப்பு நின்றது. "அன்னிக்கு ராத்திரி கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு மாமா. இப்ப பரவால்ல. அவ நல்லா இருக்கட்டும்."

சொன்ன விதத்திலிருந்து அது நிஜம் என்று தெரிந்தது. கண்ணாடிக்காரருக்கு இன்னும் கஷ்டமான பாதி பாக்கி இருந்தது. தைரியம் போவதற்குள் சொல்லிவிட நினைத்தார்.

"இன்னொண்ணும் இருக்கு. நீங்க இங்க வர்றது இனிமே நல்லாருக்காதுன்னு அவ நெனக்கிறா. எனக்காகப் பாவப்பட்டு வர்றீங்கன்னு சொல்றா. யோசிச்சுப் பாத்தா அதுவும் வாஸ்தவந்தான். உங்களுக்கு வயசு இருக்கு. வேற ஒரு நல்ல எடம் அமையணும். கிழவன் வீட்ல உக்காந்துட்டா எப்படி அமையும்? எனக்காகப் பாக்க வேணாம். உண்மையச் சொல்லிடறேன். இந்தப் படம் எனக்குப் பிடிக்கல. அந்தச் சமையல்காரர் செத்ததுமே விட்டுப் போச்சு. உங்களுக்காகத்தான் உக்காந்திருந்தேன். படத்தப் பாக்கவே இல்ல. இந்தக் கண்ணாடி தூரத்துக்கே இல்ல, கைவேலைக்கு."

லிஃப்ட்காரர் அவரையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார். கண்ணாடிக்காரர் மூக்கிலிருந்து கழற்றிக் கொடுத்தார். லிஃப்ட்காரர் அதைத் தன் கண்ணுக்கு முன்னால் பிடித்து டிவியைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், கீழே வைத்தார்.

"ஒரு வருஷமாவா?"

"ஒரு வருஷமா."

"அப்ப இந்த மூணு வாரமும் நீங்க எதையும் பாக்கல?"

"ஒண்ணும் பாக்கல."

"கேக்கக்கூட இல்லயா?"

"கல்யாணத்த எப்படிச் சொல்றதுன்னே யோசிச்சுட்டு இருந்தேன்."

லிஃப்ட்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று கண்ணாடிக்காரர் பதறிப்போனார். அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இந்தப் படம் முடிஞ்சு போச்சு. கடேசி பாகம் போன மாசமே வந்து முடிஞ்சுது. கப்பல உடைக்கிற எடத்துக்குக் கொண்டு போய் விட்டுட்டு எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. கேப்டன் அழுதார், துணைக் கேப்டன் அழுதார். நான் உங்களத்தான் பாத்துட்டு இருந்தேன். படம் முடிஞ்சா இனிமே நான் எதுக்கு வர்றதுன்னு கேப்பீங்களோன்னு எனக்குப் பயமா இருந்துச்சு. நீங்க என்னடான்னா, நல்லாருந்துச்சு, அடுத்த வாரம் பாப்போம்னீங்க."

"நானா சொன்னேன்?"

"நீங்கதான். முடிஞ்சு போன படத்துக்கு அடுத்த வாரம் பாப்போம்னு சொல்றாரே, அப்ப வரச் சொல்றார்னு எடுத்துக்கிட்டேன். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அதேதான் நெனச்சுட்டுப் போனேன். அந்த வாரத்துலதான் அந்தப் பொண்ணு லிஃப்ட்ல மாட்டினது. அடுத்த சனிக்கிழம வந்து, ஒண்ணும் சொல்லாம மொதல் பாகத்தப் போட்டேன். நீங்களும் ஒண்ணும் சொல்லல. தெரிஞ்சுதான் சும்மா இருக்கீங்கன்னு நெனச்சுட்டேன். இப்ப அங்க யார் நிக்கறதுன்னு எழுந்து பாருங்க."

கண்ணாடிக்காரருக்குத் தூரத்துக் கண்ணாடி எங்கே என்று தேடப் பொறுமை இல்லை. கைவேலைக் கண்ணாடியையே எடுத்து மாட்டிக்கொண்டு, எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய், முகத்தை வைத்துப் பார்த்தார். சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. தடித்த கழுத்து. ஏப்ரனில் இன்னும் அவ்வளவு கறை இல்லை. தலையில் முடி கொஞ்சம் அதிகம். ஒரு கையில் கத்தி, மறு கையில் பாதி தோல் சீவின உருளைக்கிழங்கு. உலகத்தில் யாரையும் லட்சியம் செய்யாத அதே முகம். மூன்று வாரமாக இவர் கண் முன்னாலேயே இந்த மனிதர் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறார். இவர் செத்தவருக்குத் துக்கம் காத்துக்கொண்டு அவரையே பார்க்காமல் இருந்திருக்கிறார். கண்ணாடிக்காரருக்குச் சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. "முடியெல்லாம் இருந்திருக்கு பாருங்க இவருக்கு," என்றார்.

"வாரம் ஒண்ணுன்னு போட்டா ஆறு வருஷம் ஓடும்," என்றார் லிஃப்ட்காரர், அவர் முதுகைப் பார்த்து. "நான் அதக் கணக்குப் போட்டுத்தான் ஆரம்பிச்சேன். அவர் சாகறதுக்கே இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு மாமா."

கண்ணாடிக்காரர் திரும்பவில்லை. கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டார், மறுபடி வந்தது. தன் பிள்ளைகூட இப்படி ஒரு கணக்குப் போட்டிருக்குமா என்று தோன்றியது. மகள் சொன்னது தப்பு. பாவப்பட்டு வருகிறவன் ஆறு வருஷத்துக்குக் கணக்குப் போட மாட்டான்.

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே," என்றார்.

"இருங்க."

"உங்களுக்கு வேற எடம் அமைஞ்சா?"

"அவளையும் கூட்டிட்டு வர்றேன். பெயர் போடறதுக்குள்ள அவளும் தூங்கிட்டா நமக்கென்ன?"

அந்த நேரம் பார்த்து மேஜை மேல் கண்ணாடிக்காரரின் போன் அடித்தது. மகள். லிஃப்ட்காரர் பேரைப் பார்த்துவிட்டார். உடனே எழுந்து கருவிப் பையை எடுத்துக்கொண்டு, நான் கிளம்பறேன் என்று சைகை காட்டினார். கண்ணாடிக்காரர் வழியை மறித்துக்கொண்டு நின்றபடியே போனை எடுத்தார்.

"அப்பா, சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேம்மா."

"என்ன சொன்னார்?"

"நல்லா இருக்கணும்னு சொன்னார்."

மகள் பெருமூச்சு விட்டது கேட்டது. "நல்ல வேள. நானும் பயந்துட்டே இருந்தேன். சரிப்பா, அடுத்த சனிக்கிழம சாயங்காலம் இவரையும் இவங்க அப்பா அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன். கல்யாணத்துக்கு முன்னால உங்கள ஒரு தடவ பாக்கணும்னு ஆசப்படறாங்க. இருப்பீங்கதானே?"

கண்ணாடிக்காரர் லிஃப்ட்காரரைப் பார்த்தார். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் பேசுவது முழுக்க அந்தச் சின்ன அறையில் கேட்கும்.

"தாராளமா வரட்டும்மா. மாப்பிள்ளைய நான் நல்லாப் பாத்துக்கறேன், அதுல ஒரு குறையும் வராது. சனிக்கிழம மட்டும் வேணாம்."

"ஏம்ப்பா?"

"சனிக்கிழம எனக்கு ஆள் வரும்."

கண்ணாடிக்காரர் மேற்கொண்டு விளக்கவில்லை. இத்தனை நாள் பொய் சொன்னது போதும் என்று இருந்தது. யார், எதற்கு என்று அவள் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடத் தயாராக நின்றார்.

அவள் கேட்கவில்லை. வெகு நேரம் கழித்து, "சரிப்பா, அப்ப ஞாயித்துக்கிழம கூட்டிட்டு வர்றேன்," என்றாள்.